கொடியை ஏன் வெட்டவில்லை?

அண்ணா, வணக்கம்.

கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த கையோடு, அம்மா, மனைவி, பிள்ளைகளுடன் வான் பிடித்து, அவர் வடிவமைத்த கண்டலம ஹோட்டலுக்குப் போய்வந்தோம். வழியில், ஹபரணைக்குக் கிட்ட ஒரு குளம் முழுக்கத் தாமரையும் நீலாம்பலும். பிள்ளைகளைத் திரும்ப வானில் ஏற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. பின்னேரம் அதே இடத்தில் நிறுத்தினால் முக்கால்வாசிப் பூ மூடிக்கிடக்கிறது. ஹோட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அம்மா மட்டும் கொடி படர்ந்து மூடிய முகப்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு காசைக் கொட்டிக் கட்டினவங்களுக்கு ஒரு ஆளப் பிடிச்சு இந்தக் கொடியை வெட்டத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

பூ விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நீலாம்பல் காலையில் விரிந்து பின்னேரத்துக்குள் கூம்பிவிடும். தாமரையும் விடிய விரிந்து மதியத்தோடு மூடத் தொடங்கும். மூன்று நான்கு நாள் இப்படி. பிறகு இதழ் கொட்டிப் பொகுட்டு மட்டும் நிற்கும். பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரித்துக் காட்ட இலையே போதும். ஆம்பல் இலை தண்ணீரோடு படுத்துக் கிடக்கும், ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலை தண்டை நீட்டித் தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும். அந்தத் தண்டை இழுத்துப் பார்த்தவனுக்குத் தெரியும், உள்ளங்கையைக் கீறிவிடும்.

அந்தப் பூக்களை யாரும் நட்டிருக்க மாட்டார்கள். ஆனால் குளத்தை யாரோ கட்டினார்கள். நம் உலர் வலயத்தில் தானாக உண்டான ஏரி என்று சொல்ல அநேகமாக ஒன்றும் கிடையாது. கந்தளாய், மின்னேரியா, நீங்கள் ஹோட்டலிலிருந்து பார்த்த கண்டலமக் குளம் எல்லாமே மண் சுமந்து அணை போட்டு மறித்த தண்ணீர். மனிதன் அணையைக் கட்டிக் கொடுத்தான், மிச்சத்தைத் தாமரை பார்த்துக்கொண்டது. (கமக்காரரிடம் கேட்டால் முகம் சுளிப்பார். தாமரைக்கு ஆழம் குறைந்த தண்ணீர் வேண்டும். அது கரையிலிருந்து நடுவுக்குப் பரவினால் குளம் தூர்ந்து வருகிறது என்று கணக்கு.)

பாவா கண்டலமவில் செய்ததும் இந்த வேலைதான். ஹோட்டலுக்கு முதலில் காட்டிய இடம் சிகிரியாப் பாறைக்கோட்டையின் அடிவாரம். அவர் அதை விட்டுவிட்டு, சிகிரியாவைத் தண்ணீருக்கு அப்பால் தூரத்தில் பார்க்கிற இந்தப் பாறைச் சரிவைக் கேட்டு வாங்கினார். குளம் மாசுபடும், காடு போகும் என்று அப்போது பெரிய எதிர்ப்பு. 1994இல் முடிந்த கட்டடத்தைப் பாருங்கள்: ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையின் வளைவோடு போகிற கொங்கிரீட் தூணும் தட்டும். பாவா என்றதும் நினைவுக்கு வருகிற பெரிய ஓட்டுக் கூரை இங்கே இல்லை. கூரை தட்டை, அதன் மேலே தோட்டம். தூண்களில் தூக்கி நிறுத்தியிருப்பதால் மலையில் பெய்த மழை கட்டடத்துக்கு அடியால் ஓடிக் குளத்துக்குப் போகும். வெளி முகத்தில் கொடி படரவென்றே சட்டங்கள். ஆக, அம்மா பார்த்த கொடி பராமரிப்பில்லாமல் வந்தது அல்ல. வரைபடத்திலேயே அதற்கு இடம் விட்டிருந்தார்கள்.

பாவா சட்டம் படித்த மனிதர். 1940களின் கடைசியில் பெந்தோட்டைப் பக்கம் ஒரு பழைய இறப்பர் தோட்டத்தை வாங்கி மரங்களோடு மல்லுக்கட்டத் தொடங்கி, அதற்குப் பிறகுதான் கட்டடக்கலை படித்தார். தகுதி பெற்றபோது வயது 38. தோட்டக்காரனாக ஆரம்பித்தவனுக்குச் செடி எதிரியாகத் தெரியாது என்பது என் எண்ணம்.

ஆனால் அம்மாவை ரசனை தெரியாதவர் என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் பக்கத்தில் சுவர் வெடிப்பில் ஓர் ஆலங்கன்று தலைகாட்டினால் அன்றைக்கே பிடுங்குகிறோம். இடம்பெயர்ந்து வருஷக்கணக்கில் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள், கூரையில்லாத அறைக்குள் மரம் நிற்பதையும் சுவரைக் கொடி மூடியிருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கண்ணுக்குக் கொடி மூடிய சுவர் என்றால் ஆளில்லாத வீடு. வெளிநாட்டுச் சஞ்சிகையில் படம் பார்த்து வியக்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் ஊர் ஆட்களுக்கு அந்தக் கட்டடம் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும், இருக்கட்டும்.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொல்லுங்கள். அறைகளிலிருந்து இன்னமும் குளம் தெரிகிறது என்றால், அங்கே யாரோ கத்தியோடு திரிகிறார்கள் என்றுதான் அர்த்தம். எதை விடுவது, எதை வெட்டுவது என்று பார்த்துச் செய்கிறார்கள்.

அடுத்த முறை முன்பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டாம். பாறைப் பக்க நடைபாதையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். மலைப் பாறை அப்படியே உள்ளே வந்து நிற்கும், தொட்டுப் பார்க்கலாம். படிக்கட்டுக்கு மேலே சிற்பி லக்கி சேனநாயக்க செய்த பெரிய உலோக ஆந்தையைப் பிள்ளைகள் பார்த்தார்களா? எழுதவில்லையே. சாப்பிடப் போவதென்றால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அப்புறம், பூ விரிந்திருக்கப் பார்க்க வேண்டுமானால் உப்புவெளியிலிருந்து இருட்டோடு கிளம்ப வேண்டாம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வீதிக்கு வரும். விடிந்த பிறகு புறப்பட்டாலும் பூ மூடுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம்.