கேள்வி-பதில்: ஆங்கிலக் கட்டுரையைப் பக்கத்து பெஞ்ச் திருத்தலாமா?

ஒன்பதாம் வகுப்பில் 42 பிள்ளைகள். ஆங்கிலக் கட்டுரை நோட்டை மாற்றிக் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தச் சொன்னேன். பாதிப் பேர் 'குட்' என்று எழுதி ஸ்டார் போட்டார்கள். மீதிப் பேர் ஸ்பெல்லிங்கை வட்டமிட்டு, பத்துக்கு மூன்று என்று மார்க்கும் போட்டுவிட்டார்கள். எங்கே தவறு?
– ஆசிரியை, தக்கலை

'திருத்துங்கள்' என்று சொன்னதில்தான். பிள்ளைகள் பார்த்த ஒரே திருத்தம் டீச்சர் செய்வது: டிக், வட்டம், மார்க். நோட்டு கைக்கு வந்ததும் அதையே செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் வாங்க வேண்டியது வேறு. படிக்கும்போது எங்கே புரிந்தது, எங்கே தடுக்கியது என்பதை அவர்களால் சொல்ல முடியும். மார்க் உங்கள் வேலை. அதை அவர்களிடம் விடவே கூடாது.

இரண்டு பீரியட் ஒதுக்குங்கள். ஒன்றில் அடக்கப் பார்த்தால் பாதியில் மணி அடித்துவிடும். முதல் நாள் நீங்களே எழுதிய ஐந்தாறு வரிப் பத்தியைக் கரும்பலகையில் போட்டு, எல்லோரும் சேர்ந்து பார்க்கப் பத்து நிமிடம். எந்தப் பிள்ளையின் எழுத்தையும் இதற்கு எடுக்காதீர்கள். பிறகு நோட்டை மாற்றி, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முழுதாக ஒருமுறை வாசிக்க ஐந்து நிமிடம். இதை விட்டுவிட்டால் முதல் வரி ஸ்பெல்லிங்கிலேயே கண் நின்றுவிடும், கட்டுரை எதைப் பற்றியது என்றே தெரியாது. அடுத்த பதினைந்து நிமிடத்தில் ஒரு துண்டுத்தாளில் மூன்று பதில்: கட்டுரை சொல்வது என்ன என்று ஒரே வரி, பிடித்த வாக்கியம் (பார்த்து அப்படியே எழுத வேண்டும்), இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒன்று (கேள்வியாக). 'குட்' என்று எழுத இதில் இடமே இல்லை.

உதாரணத்துக்கு, மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குப் போய்வந்ததைப் பற்றிய பத்தி 'இட் வாஸ் வெரி நைஸ்' என்று முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நல்லா இல்ல' என்று யாரும் எழுத வேண்டாம். 'மேலே நின்று கீழே பார்த்தபோது என்ன தெரிந்தது?' என்ற ஒரு கேள்வி போதும். எழுதிய பிள்ளைக்கு உடனே பரளியாறும் தென்னந்தோப்பும் காற்றும் நினைவுக்கு வரும், இரண்டு வரி கூடிவிடும்.

இலக்கணம் மறுநாள். அதிலும் ஒரே ஒரு விஷயம்: இந்தக் கட்டுரையில் டென்ஸ், அடுத்ததில் ஆர்ட்டிகிள். எல்லாவற்றையும் சேர்த்துத் தேடச் சொன்னால் மறுபடியும் ஸ்பெல்லிங்தான் மாட்டும். 42 பேரை மூன்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் பார்ப்பார்கள். இருவருமே கோடிட்ட இடத்தில் பெரும்பாலும் ஏதோ சிக்கல் இருக்கும். முதல் ரேங்க்கையும் கடைசி ரேங்க்கையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒருவன் வாத்தியார் ஆகிவிடுவான், இன்னொருவன் பேனாவை மூடிவிடுவான். கட்டுரையை ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்ல மறக்காதீர்கள். இடம் இல்லாத நோட்டில் யாராலும் எதையும் குறிக்க முடியாது.

என் மகள் சரியாக எழுதியதைப் பக்கத்துப் பையன் தப்பாக மாற்றிவிட்டான். இவளும் அதை நம்பி அப்படியே நகல் எடுத்திருக்கிறாள். இது டீச்சர் செய்ய வேண்டிய வேலை இல்லையா?
– ஒரு தாய், குளச்சல்

உங்கள் கோபம் நியாயம். இந்த முறையில் பெரிய ஆபத்தே இதுதான். மேலே சொன்ன மாத்தூர் பத்தியையே பாருங்கள்: 'வி வென்ட் டு மாத்தூர். தி பிரிட்ஜ் இஸ் வெரி ஹை. வி வாக் ஆன் இட்.' டென்ஸ் பார்க்கச் சொன்னால், எல்லாம் பாஸ்ட் டென்ஸில் இருக்க வேண்டும் என்று நினைத்து 'இஸ்'ஸை 'வாஸ்' ஆக்கிவிடுவான். பாலம் இன்றும் அங்கேதான் நிற்கிறது, இன்றும் உயரம்தான். 'இஸ்' சரி. மாற வேண்டியது 'வாக்', அது 'வாக்ட்' ஆக வேண்டும். ஆர்ட்டிகிள் வாரத்திலும் இதே கதை: 'தி வெஸ்டர்ன் காட்ஸ்' என்று படித்த சூட்டில் 'தி நாகர்கோவில்' என்று போட்டுவிடுவார்கள்.

அதனால் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பார்ப்பவர் பென்சிலால் அடிக்கோடு மட்டும் போடலாம். அடிக்கக் கூடாது, மேலே விடை எழுதக் கூடாது. முடிவு எழுதியவர் கையில். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் அவர் 'மாற்றினேன்', 'மாற்றவில்லை', 'கேட்க வேண்டும்' என்று ஏதாவது ஒன்றை எழுதுவார். டீச்சர் 'கேட்க வேண்டும்' என்ற இடங்களை முதலில் பார்ப்பார். மகளிடம் சொல்லுங்கள்: காரணம் சொல்லாத திருத்தத்தை ஏற்க வேண்டியதில்லை.

டீச்சரே எல்லாவற்றையும் திருத்தினால் என்ன? திருத்துவதால் கிடைக்கும் பலன் டீச்சரிடமே தங்கிவிடும். லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற மாணவர்களில் பிறர் கட்டுரையைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்கள், கருத்தை வாங்கிக்கொண்டவர்களைவிடச் சொந்த எழுத்தில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். உங்கள் மகளும் இன்னொருவர் நோட்டைப் பார்த்திருப்பாள். அதில் என்ன கண்டுபிடித்தாள் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள். கருத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?
– ஆசிரியர், களியக்காவிளை

வேண்டாம். பேச்சு எந்த மொழியிலும் இருக்கட்டும், துண்டுத்தாளில் தமிழும் இருக்கட்டும். கட்டுரை மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'ஷி கோஸ்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஷி கோ டு ஸ்கூல்' என்று இரண்டு வகைப் பிள்ளைகளும் எழுதுவார்கள். தமிழ் பேசும் பிள்ளையிடம் 'போகிறேன், போகிறாள் என்று மாறுகிறதே, அதுபோலத்தான் இந்த எஸ்' என்றால் பிடித்துக்கொள்ளும். மலையாளத்தில் ஆள் மாறினாலும் வினை மாறாது. ஞானும் 'போகுந்நு', அவளும் 'போகுந்நு'தான். அந்தப் பிள்ளைக்கு இந்த விளக்கம் எடுபடாது. 'ஹி, ஷி, இட்' வரும் இடத்தில் விரலை வைத்து, அடுத்த வினையைத் தொடச் சொல்லுங்கள். இன், ஆன், அட் மூன்றில் குழம்புவதை இருவரிடமும் பார்க்கலாம். 'கன்னியாகுமரியில்', 'மேசையில்', 'வாசலில்' மூன்றுக்கும் தமிழில் ஒரே 'இல்' போதுமே.

நண்பன் நோட்டில் கோடு போட்டால் அவன் பேசாமல் போய்விடுகிறான். என்ன செய்ய?
– பத்தாம் வகுப்பு மாணவன், குலசேகரம்

தம்பி, முதல் கோட்டை நல்ல வரிக்குக் கீழே போடு, ஏன் பிடித்தது என்று அவனிடம் சொல். மற்றதைக் கேள்வியாகக் கேள். 'தப்பு' என்பதற்குப் பதில் 'இது நேற்று நடந்ததா, தினமும் நடப்பதா?' என்று கேட்டால் டென்ஸை அவனே மாற்றிக்கொள்வான். ஒரு பக்கத்தில் ஐந்து கோட்டுக்கு மேல் வேண்டாம். அப்படியும் முறைத்தால் டீச்சரிடம் சொல்லி வேறு குழுவுக்கு மாறிக்கொள். நெருங்கிய கூட்டாளிகள் ஒரே குழுவில் இருந்தால் நட்பும் கெடும், கட்டுரையும் கெடும்.

பொதுத்தேர்வு ஹாலில் பக்கத்து நோட்டு கிடைக்காதே. அப்புறம் இந்தப் பழக்கம் எதற்கு?
– ஒரு தந்தை, தோவாளை

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வினாவே வருகிறது. இன்னொருவர் வாக்கியத்தில் பிழை தேடிப் பழகிய கண்ணுக்கு அது புதிதாக இருக்காது. தான் எழுதிய பத்தியைப் பார்க்கும்போதுதான் சிரமம், எழுத நினைத்ததே கண்ணில் தெரியும். அதற்குக் கடைசிப் பத்து நிமிடத்தில் பத்தியை அடியிலிருந்து மேலாக, வாக்கியம் வாக்கியமாக வாசிக்கச் சொல்லுங்கள். கதை ஓட்டம் அறுந்துவிடுவதால் விட்டுப்போன 'எஸ்'ஸும் 'தி'யும் கண்ணில் படும்.