7ஆம் வகுப்பிலேயே பாடம் எளிதாகிவிட்ட பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது?

கேள்வி இது: அரசு உதவி பெறும் பள்ளியில் 7ஆம் வகுப்பு படிக்கும் மகள் கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு எடுக்கிறாள், வகுப்பில் சலிப்பாக இருக்கிறது என்கிறாள், அவளுக்கு டபுள் புரமோஷன் கேட்பதா, ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயார்செய்யும் ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்ப்பதா? நடுநிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டில் எதையும் முடிவு செய்யும் முன், உங்கள் மகள் எந்த இடத்தில் திணறத் தொடங்குகிறாள் என்பதைக் கண்டுபிடியுங்கள்.

நூறு மதிப்பெண் அதைச் சொல்லாது. ஒரே வகுப்பில் நூறு எடுக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி பாடப்புத்தகத்தைப் பிழையில்லாமல் கற்றவளாகவும், மற்றவள் 10ஆம் வகுப்புக் கணக்கையும் தானே யோசித்துப் போடக்கூடியவளாகவும் இருக்கலாம். அந்த வேறுபாடு 7ஆம் வகுப்பு வினாத்தாளில் தெரியாது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் தொடங்கிய நீண்டகால ஆய்வின் அடிப்படையும் இதுவே. கல்லூரிக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கான சாட் தேர்வை அவர் 12, 13 வயதுப் பிள்ளைகளை எழுத வைத்தார். 1972 மார்ச்சில் நடந்த முதல் தேர்வில் சுமார் 450 பேர் பங்கேற்றனர். பள்ளித் தேர்வில் ஒரே உயரத்தில் நின்றவர்கள் இங்கே வெகுதூரம் விலகி நின்றதால், யாருக்கு எந்தப் பாடத்தை எந்த வேகத்தில் கொடுப்பது என்று அவரால் தனித்தனியாகத் திட்டமிட முடிந்தது. நீங்களும் 8, 9, 10ஆம் வகுப்புப் புத்தகங்களின் பயிற்சிக் கணக்குகளை, கற்றுக்கொடுக்காமலேயே, விடுமுறை நாள்களில் அவள்முன் வைத்துப் பார்க்கலாம்.

மேல்வகுப்புக்கு முன்கூட்டியே செல்லும் பிள்ளைகள் மனத்தளவில் உடைந்துவிடுவார்கள் என்ற அச்சத்தை, இத்தகைய பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பொதுவாக ஆதரிக்கவில்லை. ஆனாலும் கணக்கில் மட்டும் முன்னே நிற்கும் பிள்ளையை எல்லாப் பாடங்களிலும் சேர்த்துத் தூக்கி மேலே வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்குப் பாடவேளையில் மட்டும் மேல்வகுப்பில் உட்கார அனுமதி கேட்பது இதைவிட நல்ல வழி.

அதைவிடவும் நல்லது, அதே பாடத்தில் ஆழமாக இறங்குவது. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் கண்டறிந்த 6174 இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதியதைக் கழித்துக்கொண்டே போனால், ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும். 3524 என்றால் 5432 − 2345 = 3087, அடுத்து 8730 − 0378 = 8352, அதற்கடுத்து 8532 − 2358 = 6174. கழித்துப் பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் இயலும். ஒவ்வொரு விடையும் ஏன் 9ஆல் வகுபடுகிறது என்று கேட்கும்போதுதான் கல்வி தொடங்குகிறது. இறங்கு வரிசையில் உள்ள இலக்கங்களுக்கு a, b, c, d எனப் பெயரிட்டு இடமதிப்பை எழுதினால் வித்தியாசம் 999(a − d) + 90(b − c) என்று வரும். இதற்கு 7ஆம் வகுப்பு இயற்கணிதமே போதும். மூன்று இலக்கத்தில் 495இல் நிற்கும் இந்தக் கணக்கு, இரண்டு இலக்கத்தில் மட்டும் ஏன் 9, 81, 63, 27, 45 என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதை அவளே ஒரு வாரம் யோசிக்கட்டும். உடனே விடை கிடைக்காத கேள்வியோடு இருந்து பழகுவது, எல்லாவற்றையும் முதல் முயற்சியிலேயே முடித்து வளரும் பிள்ளைக்கு மிக அவசியம். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் 11ஆம் வகுப்பில் முதன்முறையாகத் திணறும்போது தங்களுக்குத் திறமையே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஃபவுண்டேஷன் வகுப்புகளில் எனக்கு இருக்கும் குறை இதுதான். மேல்வகுப்புச் சூத்திரங்களையும் விரைவாக விடை குறிக்கும் பயிற்சியையும் கொடுத்து, பிள்ளை தானாக யோசிக்கக்கூடிய மாலை நேரத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்கின்றன. 12 வயதில் அது வேண்டாம்.

பள்ளியில் ஆசிரியரிடம் பேசும்போது ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள்: முதலில் முடித்தவளுக்கு அதே வகைக் கணக்கில் இன்னும் பத்து கொடுக்கக் கூடாது. அது தண்டனையாகவே பிள்ளைக்குப் படும், நாளடைவில் அவள் வேண்டுமென்றே மெதுவாகப் போடத் தொடங்குவாள். பத்துக்குப் பதிலாகக் கடினமான ஒன்று போதும்.

அத்தகைய கணக்குகளுக்கு, 1965இல் தொடங்கப்பட்டு சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டியின் பழைய வினாத்தாள்களைத் தேடுங்கள். 7, 8ஆம் வகுப்பினருக்கான பிரிவு கப்ரேகர் பெயரிலேயே நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், அடுத்த ஆண்டு 8ஆம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்னும் கல்வி உதவித்தொகைத் தேர்வையும் எழுதச் செய்யுங்கள். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கான அத்தேர்வில் தேர்வானால், 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். விண்ணப்பம் பள்ளி வழியாகவே செல்வதால், 8ஆம் வகுப்பு தொடங்கியதுமே தலைமையாசிரியரிடம் சொல்லி வையுங்கள்.