மாசிக்கு மாசி மாடு மாற்றுவதால் வந்த நகைக்கடன்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): கோபிசெட்டிபாளையம் அருகே ஐந்து கலப்பின மாடுகள் வைத்திருக்கிறோம். இரண்டு இப்போது வற்றிவிட்டன. மூன்று மாடுகள் சேர்ந்து 27 லிட்டர் கறக்கின்றன. தீவனக் கடைக்கும் மருந்துக்கும் போக மாதம் 8,000 ரூபாய்தான் நிற்கிறது. நகைக்கடன் 2,40,000 ரூபாயாகிவிட்டது. மாட்டுத் தரகரான என் அண்ணன், வற்றிய இரண்டையும் கொடுத்துவிட்டு, பைனான்ஸில் ஒரு லட்சம் வாங்கி, கன்று ஈன்ற மாடுகளாகப் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். மூன்று வருடமாக மாசியில் இப்படித்தான் மாற்றுகிறோம். மண்ணில்லாமல் தானியத்தை முளைக்கவைக்கும் தீவன இயந்திரம் 1,50,000 ரூபாய்க்கு வருகிறதாம், அதையும் வாங்கலாமா? பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, தீவனம், தண்ணீர், தடுப்பூசி பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது: ‘மாசியில் இப்படித்தான் மாற்றுகிறோம்.’

வற்றிய மாடு சராசரியாக 26,000 ரூபாய்க்குப் போனதாகவும், கறவை மாடு 70,000 ரூபாய்க்கு வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வித்தியாசம் 44,000. தரகு, வண்டிக்கூலி 4,000. ஒரு மாட்டை மாற்ற 48,000 ரூபாய். வருடத்துக்கு இரண்டு வீதம் மூன்று வருடத்தில் ஆறு மாடு, 2,88,000 ரூபாய். உங்கள் நகைக்கடன் எங்கிருந்து வந்தது என்று இனித் தேட வேண்டாம்.

வற்றிய மாட்டைக் கட்டிப்போட்டுத் தீனி போடுவது நட்டம் என்று தோன்றுவது இயல்பு. நாளுக்கு 110 ரூபாய் என்றால் மாதம் 3,300. ஆறு மாதம் வைத்திருந்தால் ஏறக்குறைய 20,000. பத்து மாதமே ஆனாலும் 33,000. அப்போதும் 48,000 ஆகாது. மேலும், அது உங்கள் கொட்டகைக்கும் வெயிலுக்கும் பழகிய மாடு, கன்றும் உங்களுடையது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மாசியில் கன்று ஈன்ற மாட்டை வாங்கினால், அது மறுபடி சினைக்கு வர வேண்டிய காலம் சித்திரை, வைகாசி. ஹோல்ஸ்டீன் கலப்பு மாடு அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் கீழ் மூச்சிரைத்து நிற்கும், தீனியைக் குறைத்துக்கொள்ளும், பருவத்துக்கு வந்தாலும் கத்தாது. வந்த அடையாளமும் நள்ளிரவில் சில மணி நேரம் தெரிந்து மறைந்துவிடும். சினை ஊசி போட்டாலும் அந்தச் சூட்டில் கரு நிற்பது கடினம். ஐப்பசி, கார்த்திகை வரை ஊசி மேல் ஊசி. அடுத்த மாசியில் பால் வற்றிவிடும், கன்றுக்கு இன்னும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சோளத்தட்டு விலை ஏறுகிற அந்த நேரத்தில் ஊரே மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறது; நீங்களும் விற்கிறீர்கள். மாட்டின் மேல் குற்றமில்லை. நீங்கள் வாங்குகிற மாதம்தான் அதைச் சினையில்லாத வெறுமாடாக்குகிறது.

இப்போது உங்கள் கறுப்பு மாட்டுக்கு வருகிறேன். கார்த்திகையில் கடைசி ஊசி, அதன்பின் பருவத்துக்கே வரவில்லை, அண்ணன் ‘மலடு’ என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சினைப் பரிசோதனை செய்தீர்களா? மூன்று மாதம் ஆகிவிட்டதால் கால்நடை மருத்துவர் கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். சினையாக இருந்தால் ஆவணியில் ஈனும். அடுத்த பருவம் மழைக்காலத்தில், பசும்புல் இருக்கும்போது வரும். அதைத்தான் 26,000 ரூபாய்க்குக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். இந்த வாரமே இரண்டு மாட்டையும் காட்டுங்கள். ஒன்று வெறுமாடாக இருந்தால், வெயில் ஏறுமுன் காரணம் கேட்டு மருத்துவம் பாருங்கள். தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையை வற்றிய மாட்டுக்கு நிறுத்தியிருக்கிறீர்கள். அதை மீண்டும் தொடங்குங்கள். தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேயுங்கள். அடர்தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள்.

பைனான்ஸ் கடன் வேண்டவே வேண்டாம். மாதம் 2 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு 24 தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 5,300 ரூபாய் ஆகும். நகைக்கடன் வட்டி 12 சதவீதத்துக்கு 2,400. இரண்டும் சேர்ந்து 7,700. உங்கள் கையில் நிற்பது 8,000. புது மாடுகளின் பாலில் கட்டிவிடலாம் என்று அண்ணன் சொல்வது முதல் சில மாதங்களுக்குச் சரி. ஆனால் கறவை பத்து மாதம், தவணை இருபத்து நான்கு மாதம். மீதி பதினான்கு மாதத்துக்கு என்ன வழி என்று அவரிடம் கேளுங்கள்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. மாடு கைமாறினால் அவருக்குத் தரகு கிடைக்கிறது. அது அவர் பிழைப்பு. ‘ஆவணி வரை மாடு விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை’ என்று உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். காரணம் விளக்கப் போனால் பேச்சு வளரும்.

இயந்திரத்துக்கு வருவோம். ஒரு கிலோ மக்காச்சோளம் ஆறு கிலோ தீவனமாகிறது என்று விளம்பரம் சொல்கிறது. கூடிய ஐந்து கிலோவும் தண்ணீர். முளைவிடும்போது தானியம் தன் சத்தில் ஒரு பங்கைத் தானே செலவழித்துவிடுவதால், உலர்த்தி நிறுத்தால் போட்டதைவிடக் குறைவாகவே வரும். 1,50,000 ரூபாய் கொடுத்துத் தண்ணீரைத் தீவனமாக வாங்காதீர்கள். ஆழ்துளைக் கிணறு இருக்கிறது என்கிறீர்கள். வாய்க்கால் ஓரத்து இருபது சென்டில் கம்பு நேப்பியர் புல் கரணை நடுங்கள், வேலியோரம் அகத்தி போடுங்கள்.

தீவனக் கடை பாக்கிக்கு ஒரு வழி உண்டு. கிசான் கடன் அட்டை 2018-19 முதல் கால்நடை வளர்ப்பவர்களுக்கும் உண்டு. வட்டி 7 சதவீதம், தவறாமல் கட்டினால் 4 சதவீதம். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ, பராமரிப்புச் செலவுக்கு என்று கேட்டு விண்ணப்பியுங்கள். தீவனத்தை ரொக்கத்துக்கு வாங்கினால் கடைக்காரரிடம் விலை பேசலாம். மிச்சப்படுவதை நகைக்கடனின் அசலில் கட்டுங்கள். மாதம் 3,000 ரூபாய் ஆனாலும் சரி. சினைப் பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.