கோடு நிறைய இருக்கு, குரல் ஏன் வெட்டுது?

கேள்வி: இரவு எட்டு மணிக்கு டொரொன்டோவில் இருக்கிற மகளோடு வாட்ஸ்அப்பில் கதைத்தால், சிக்னல் கோடு நிறைய நின்றும் குரல் வெட்டி வெட்டி வருகிறது. விடிய ஐந்து மணிக்கு ஒரு தடங்கலும் இல்லை. ஏன்?
- வாசகி, கொக்குவில்

பதில்: அம்மா, டவர் உங்களுக்கு எவ்வளவு வடிவாகக் கேட்கிறது என்பதைத்தான் கோடு காட்டும். உங்கள் முறை எப்போது வரும் என்று காட்டாது. இரவு எட்டு மணிக்கு ஊரே போனும் கையுமாக இருக்கும்.

4ஜி டவர் ஒவ்வொரு மில்லிசெக்கனும் அலைவரிசையை 180 கிலோஹேர்ட்ஸ் துண்டுகளாக்கி, எது யாருக்கு என்று பங்கு போடுகிறது. 20 மெகாஹேர்ட்ஸ் இருந்தால் 100 துண்டு. உங்கள் போனும் தனக்குக் கிடைக்கும் சிக்னலின் தரத்தை 0 முதல் 15 வரையான ஓர் எண்ணாக அடிக்கடி டவருக்கு அறிவிக்கும்.

தரம் கூடினவருக்கே கொடுத்தால் டவர் மொத்தமாக அனுப்பும் அளவு கூடும். சங்கக்கடையில் பையும் சில்லறையும் கொண்டு வந்தவர்களை முதலில் அனுப்பினால் வியாபாரம் கெதியாக ஓடும். ஆனால் பின்னால் நிற்கிற ஆச்சி கடை பூட்டும்வரை நிற்க வேண்டியதுதான். அதனால் பரவலாக உள்ள முறை, ஒரு போனுக்கு இப்போது கிடைக்கக்கூடிய வேகத்தை அதற்கு இதுவரை கிடைத்த சராசரியால் பிரித்துப் பார்க்கும். விடை பெரிதாக உள்ளவருக்கு முறை. நியாயம்தான், ஆனால் யார் எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார் என்பது இந்தக் கணக்கில் நேரடியாக வராது. படம் பார்ப்பவருக்குக் கவலையில்லை, போன் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். குரலுக்கு அந்த வசதி இல்லை. பிந்தி வந்த குரல் துணுக்கைப் போன் எறிந்துவிடும். வெட்டு அதுதான்.

1992இல் தாசியுலாஸ், எஃப்ரெமிடிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ஒவ்வொருவருக்கும் போகக் காத்து நிற்கும் டேட்டா வரிசையின் நீளத்தையும் கணக்கில் எடுக்கும் வழியைக் காட்டினார்கள். வேகத்தை நீளத்தால் பெருக்கி, பெரியதற்கு முறை கொடுப்பது. பிறகு வந்தவர்கள் நீளத்துக்குப் பதிலாக, வரிசையில் முன்னால் நிற்கும் பொதி (டேட்டாவின் ஒரு சிறு கட்டு) காத்திருந்த நேரத்தை வைத்தும் பார்த்தார்கள். எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

4ஜியில் போகும் சாதாரண போன் கோலுக்குத் தனி வரிசை உண்டு; 100 மில்லிசெக்கனுக்குள் சேர்ப்பதுதான் இலக்கு. வாட்ஸ்அப் குரலோ, பக்கத்து வீட்டுப் பொடியனின் வீடியோ மாதிரி, பொதுவாக வெறும் டேட்டாதான்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது: அறைக்குள் இருக்காமல் விறாந்தைக்கு வாருங்கள். தரம் கூடினால் ஒரே துண்டில் கூடுதல் குரல் போகும். வீடியோவை நிறுத்திவிட்டுக் கதையுங்கள். பேரன் உங்கள் போனில் ஹொட்ஸ்பொட் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அவன் இறக்கும் படமும் உங்கள் மகளின் குரலும் ஒரே வரிசையில்தான் நிற்கும்.