ட்ரியாஜ் பயிற்சிக்கு நேரலை வகுப்பு எதற்கு?

கொரோனா காலத்தில் அவசரப் பிரிவு ஊழியர்களுக்கு ட்ரியாஜ் (யாருக்கு முதலில் சிகிச்சை என்று நோயாளிகளைத் தரம் பிரிப்பது) பயிற்சியை ஏன் இணையவழி நேரலையில் நடத்தினார்கள், பதிவு செய்த வீடியோ போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதவே போதாது.

2020-இல் வழிகாட்டுதல்கள் அடிக்கடி மாறின. பழைய வீடியோ தப்பான வழி காட்டிவிடும். அதைவிட முக்கியம், சந்தேகத்தை அப்போதே கேட்க முடிவது. இந்தியாவின் கொரோனா நெறிமுறைப்படி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் தீவிர பாதிப்பு. எண் எளிதுதான். ஆனால் 88 காட்டும் ஒருவர் திணறாமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். அவரைக் காத்திருக்கச் சொன்னால் உயிருக்கே ஆபத்து. "இவரை எங்கே அனுப்புவீர்கள்?" என்று கேட்டு விவாதிக்கும்போதுதான் முடிவெடுக்கும் பழக்கம் வரும். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2003-இல் தொடங்கிய, மருத்துவ ஊழியர்களுக்கு இணையவழியில் பயிற்சி தரும் எக்கோ திட்டமும் இப்படி நோயாளிகளின் நிலையை முன்வைத்துத்தான் கற்பிக்கிறது.

அப்புறம், கவச உடையைக் கழற்றும் பயிற்சியை மட்டும் நேரில்தான் செய்ய வேண்டும்.