ஒரே கண், இரண்டு ஓசிடி: பச்சை சிவப்பானது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. கிளாக்கோமாவுக்கு (கண் நரம்பு மெல்ல அழியும் நோய்) மூன்று வருடமாகச் சொட்டு மருந்து போடுகிறார். போன வருடம் எடுத்த ஓசிடியில் (கண் நரம்பு அடுக்கின் தடிமனை அளக்கும் ஸ்கேன்) வலது கண் முழுக்கப் பச்சை, அதாவது இயல்பு, நரம்பு இழை அடுக்கின் சராசரி 84 மைக்ரான். இந்த வருடம் வேறு ஊரில், அதே கம்பெனி மெஷினில் எடுத்ததில் கீழ்ப்புறம் ஒரு பகுதி சிவப்பு, சராசரி 83. கண் அழுத்தம் 14தான். நோய் முற்றுகிறதா?

பதில்: சிவப்பை விட்டுவிட்டு, அதற்கு இரு பக்கமும் உள்ள பகுதிகளின் எண்களை முதலில் பாருங்கள். சிவப்பான பகுதி குறைந்த அளவுக்கு, ஒட்டியுள்ள பகுதி கூடியிருக்கிறதா? அப்படியானால் நரம்பு அழிந்திருக்க வாய்ப்பு குறைவு, படம் சுழன்றிருக்கிறது.

காரணம் இது. நரம்பு இழைகள் டிஸ்க்கை (பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டமான இடம்) சுற்றி ஒரே தடிமனாக இருப்பதில்லை. மேலும் கீழும் இரண்டு தடித்த கற்றைகளாக வந்து சேர்கின்றன. வரைபடத்தில் இரட்டைத் திமில் போலத் தெரியும். திமிலின் சரிவு செங்குத்தானது. தாடையை வைக்கும்போது தலை ஐந்தாறு டிகிரி சாய்ந்தாலே திமில் பக்கத்துப் பகுதிக்குள் நகர்ந்துவிடும். மெஷினோ அதே வயதுள்ள நலமான கண்களோடு இடத்துக்கு இடம் ஒப்பிட்டு, கடைசி 1 சதவீதத்துக்குள் வந்தால் சிவப்பு அடித்துவிடும். சராசரி மட்டும் அசையாது. உண்மையான இழப்பென்றால் கணக்கு வேறு: 40 டிகிரி அகலமுள்ள பகுதியில் 30 மைக்ரான் போனால் சராசரியே 3 மைக்ரானுக்கு மேல் இறங்க வேண்டும். ஆனால் 10 மைக்ரான் மட்டும் போயிருந்தால் சராசரி 1 மைக்ரான்தான் இறங்கும். அதனால் சராசரியை மட்டும் பார்த்து நிம்மதி அடையவும் முடியாது.

இந்தச் சுழற்சியைச் சரிக்கட்டத்தான் புதிய மென்பொருள்கள் கிடைமட்டத்தை நம்பாமல், கூர்பார்வைக் குழியான ஃபோவியாவையும் டிஸ்க்கின் மையத்தையும் இணைக்கும் கோட்டைப் பூஜ்ஜியமாக வைக்கின்றன. டிஸ்க்கை விட ஃபோவியா சற்றுத் தாழ்ந்திருக்கும். சாய்வு சராசரியாக 7 டிகிரி, ஆளுக்கு ஆள் நிறைய மாறும். ஃபோவியாவின் புள்ளி தவறான இடத்தில் விழுந்தால் எல்லாப் பகுதிகளும் சேர்ந்து திரும்பிவிடும். முதல் ஸ்கேனிலேயே தவறினால், அதைத் தொடர்ந்து எடுப்பவற்றுக்கும் அந்தத் தவறு போகும். ரிப்போர்ட்டில் கண்ணின் படத்தோடு இந்தக் கோடு அச்சாகியிருந்தால் இரண்டு வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டிஸ்க்கைச் சுற்றி மெஷின் தடிமனை அளக்கும் வட்டம் மையம் தவறுவது வேறு கோளாறு. சுமார் 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த வட்டம் கீழே நழுவினால், கீழ்ப்புறம் டிஸ்க்கிலிருந்து தள்ளிப் போய் மெலிவாகவும் மேல்புறம் தடிப்பாகவும் காட்டும். அதிக மைனஸ் பவர் உள்ள நீண்ட கண்களில் வட்டம் சரியாக விழுந்தாலும் சிவப்பு வரலாம். புரை, காய்ந்த கண் இரண்டும் சிக்னலைக் குறைத்து அடுக்கை மெலிதாகக் காட்டும். சிரஸ் என்ற வகை ஓசிடி மெஷினில் சிக்னல் வலிமை 10க்கு 6க்குக் கீழே வந்த ஸ்கேனை ஒப்பிடவே வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது: முதல் ஸ்கேன் எடுத்த இடத்திலேயே மறுபடி எடுங்கள். பழைய ஸ்கேனின் தரவு அந்த மெஷினில்தான் இருக்கும். ஃபாலோ-அப் முறையில் எடுக்கச் சொன்னால், ரத்தக் குழாய்களை அடையாளமாக வைத்து அதே இடத்தில் வட்டம் விழும், தலைச் சாய்வும் கழிந்துவிடும். காகித ரிப்போர்ட்டை வைத்து மெஷினால் இதைச் செய்ய முடியாது. கம்பெனியே வேறென்றால் மைக்ரான் எண்களை ஒப்பிடக் கூடாது. எடுக்கும் முன் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு, இரண்டு மூன்று தடவை கண் சிமிட்டல், நெற்றி பட்டையில் ஒட்டியிருத்தல், இரு கண்களும் ஒரே மட்டம்.

அதுவரை சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம். அழுத்தம் 14 இருந்தும் நோய் நகரும் கண்கள் உண்டு. சரியாக எடுத்த ஸ்கேனிலும் கீழ்ப்புறம் சிவப்பாகவே இருந்து, பக்கத்துப் பகுதி கூடாமல், ஃபீல்ட் டெஸ்டில் (பார்வைப் பரப்பைச் சோதிக்கும் பரிசோதனை) மேல் பாதியில் குறை தெரிந்தால் (கீழ் நரம்பு மேல் பார்வைக்குரியது) மருத்துவர் அழுத்தத்தின் இலக்கை 14க்கும் கீழே வைக்க யோசிப்பார்.