தீக்குழம்பு எங்கே போயிற்று?

கேள்வி: ஹவாயில் வேலை பார்க்கும் மகன், ஹொனலூலுவில் டைமண்ட் ஹெட் மலைக்கு அழைத்துப் போனான். எரிமலை வாய் என்றான். உள்ளே புல்லும் முள்மரமும்தான் இருந்தன. குழம்பு உறைந்த கருங்கல்லையே காணோம். கடல் பக்கத்து விளிம்பு மட்டும் ஏன் அவ்வளவு உயரம்? மறுபடி வெடிக்குமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மகன் சொன்னது சரிதான் அம்மா. குழம்பு ஆறாக ஓடியிருந்தால்தானே கருங்கல் கிடக்கும்! அங்கே நடந்த கதை வேறு.

ஹொனலூலு இருக்கும் ஓவாஹு தீவின் கிழக்குப் பாதியை எழுப்பிய கூலாவ் எரிமலை அடங்கி நெடுங்காலம் கழித்து, சில லட்சம் வருஷங்களுக்கு முன், கரையோரத்தில் குழம்பு மேலே வந்தது. வழியில் கடல்நீர் குறுக்கிட்டது. காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழம்பு தூள்தூளாகச் சிதறி, வாயைச் சுற்றிச் சாம்பலாகக் குவிந்தது. இப்படி வெடித்த மலைகள் குட்டையாக, வாய் மட்டும் அகலமாக இருக்கும். இதன் உச்சி 232 மீட்டர்தான். வாயோ ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலம்.

உயரக் கணக்கு காற்றுடையது. அங்கே பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தே நிலையாக ஒரு காற்று வீசும்; வியாபாரக் காற்று என்பார்கள். சாம்பலைத் தென்மேற்கே தள்ளியது. கடல் பக்கத்து விளிம்பு ஓங்கிவிட்டது. 1908-ல் அமெரிக்க ராணுவம் அந்த உச்சிக்குத்தான் பாதை வெட்டியது. நீங்கள் மூச்சு வாங்க ஏறிய 99 படிகளும் அவர்கள் கைங்கரியம்!

அடுத்த முறை போனால் பாதையோரம் வெட்டுண்ட இடத்தில் கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பழுப்பு மஞ்சளாக, அடுக்கடுக்காக இருக்கும். சாம்பல் நீரோடு சேர்ந்து இறுகிய நிறம் அது. நடுவே வெள்ளையாகப் பவளப்பாறைத் துண்டுகள் தட்டுப்படும். வெடிப்பு கடலடிப் பாறையையும் பிய்த்து எறிந்ததற்கு அதுவே சாட்சி. பெயரில் உள்ள வைரமும் இந்தக் கல்லில் மின்னிய கால்சைட் என்ற மெத்தென்ற சுண்ணாம்புப் படிகம்தான். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மாலுமிகள் வைரம் என்று மயங்கினார்கள். ஒரு பேனாக்கத்தியால் கீறிப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

வெளிச்சரிவில் வரிவரியாக ஓடும் பள்ளங்கள் மழை அரித்தவை. முள்மரம் என்றீர்களே, அது அநேகமாக கியாவே. நம்மூர் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. தொல்லையிலும்தான்!

வெடிக்குமா? இந்த வகை மலை ஒரே கட்டத்தில் வெடித்து முடிந்துவிடும். அடியில் குழம்புத் தொட்டி ஏதும் காத்திருப்பதில்லை. இந்த வாய் அணைந்தது அணைந்ததுதான். நெருப்பைப் பார்த்தே ஆக வேண்டுமானால், ஹவாய் பெரிய தீவில் கிலாவேயா எரிமலை இருக்கிறது. ஹொனலூலுவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அது எப்போதும் பொங்கிக்கொண்டிருப்பதில்லை. விசாரித்துக்கொண்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள்.